வேலி போட்ட வள்ளம்

எங்கள் ஊரில் எதற்கும் வேலி உண்டு. பூண்டுக் காட்டுக்கு வேலி, உருளைக்கிழங்குக் காட்டுக்கு வேலி, காட்டுமாடு வந்து முட்டிவிடக் கூடாது என்று தண்ணீர்த் தொட்டிக்கும் வேலி. ஆனால் படகுக்கு வேலி போட்ட ஆள் கூக்கால் ஊரிலேயே என் வீட்டுக்காரர் சுப்புராஜ் ஒருவர்தான். சுற்றிலும் கம்பி வேலி. ஏறி இறங்க ஒரு சின்னக் கதவு. அந்தக் கதவுக்கு ஒரு கொண்டி.

"தண்ணிக்குள்ள எந்தக் காட்டுமாடு நீந்தி வந்து முட்டப் போகுது?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும் லீலா. அது பாட்டுக்குக் கெடந்துட்டுப் போகுது" என்றார்.

மனிதர் அப்படித்தான். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். இந்தப் பூனை அடுப்பையே வேலி போட்டு அடைத்துவிடும். ஆனால் சூடு பட்டது பூனைக்கு இல்லை, எனக்கு.

எங்கள் ஊர் ஏரிக்கு அக்கரையில் எனக்கு ஒரு காடு இருக்கிறது. என் அம்மா வீட்டில் கொடுத்தது, படிக்கட்டுப் போல நாலைந்து தட்டு. பூண்டு அங்கே விளைகிற மாதிரி வேறெங்கும் விளையாது என்று நான் சொல்வேன், ஊர் சிரிக்கும். ஏரியைச் சுற்றிச் சோலைக்குள் போகிற ஒற்றையடிப் பாதைதான் அதற்கு வழி. போன மாசியில் பூண்டு பிடுங்கிவிட்டுச் சாயங்காலம் அந்த வழியாகத் திரும்பி வந்தோம். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. தலையில் பூண்டுக் கட்டோடு நான் முன்னால், அவர் பின்னால். நாணல் புதருக்குள்ளிருந்து ஒற்றைக் காட்டுமாடு தலையைத் தூக்கியது. ஒற்றையாகத் திரிகிற மாடு பொல்லாதது. நான்தான் முதலில் பார்த்தேன்.

"ஓடுங்க!" என்று கத்தினேன்.

அவர் ஓடினார்.

நான் சொன்னேன், அவர் கேட்டார். சொன்ன சொல்லைக் கேட்டதற்காக ஒரு ஆளைக் குற்றம் சொல்ல முடியுமா என்று கேட்டால், முடியும். ஒரு வருஷமாக நான் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன். கட்டோடு கீழே விழுந்து, மாடு என்னை ஒரு தடவை தூக்கிப் போட்டுவிட்டுப் போன பிறகு, மல்லாந்து கிடந்த என் கண்ணுக்குத் தெரிந்தது பாதையோரத்துப் பேரிக்காய் மரம். அதன் கிளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு என் புருசன். மாடு போன திசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்துத்தான் இறங்கி வந்தார்.

மதுரை ஆஸ்பத்திரியில் இடது தொடையில் கம்பி வைத்தார்கள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவர், "நான் பின்னாடி வந்துக்கிட்டிருந்தேன். பனி மறைச்சிருச்சு. வந்து பாக்குறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு" என்றார். நான் கட்டிலில் படுத்தபடி தலையை ஆட்டினேன். புருசன் மரத்தில் ஏறினான் என்று சொல்லிக்கொண்டு எந்தப் பெண் ஊருக்குள் நடப்பாள்? அப்படி ஆட்டிய தலையை அதற்குப் பிறகு நிமிர்த்தவே முடியவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் அந்த மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கம்பு ஊன்றி வீட்டுக்குள் நடக்க ஆரம்பித்த பிறகு, அக்கரைக் காட்டை நினைத்தால் எனக்கு அழுகை வரும். இந்தக் காலோடு சோலைப் பாதையில் போக முடியாது. அப்படியே போனாலும் கூட வருகிற ஆள் நிற்பானா என்ற கேள்வி இருக்கிறதே, அது கம்பியை விடப் பெரிய வலி. எனக்குத் தெரிய வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான்: இன்னொரு தடவை ஆபத்து வந்தால் இவர் நிற்பாரா, மாட்டாரா?

அந்தச் சமயத்தில்தான் படகு வந்தது.

முருகவேல் அண்ணன் என் நாத்தனாருடைய வீட்டுக்காரர், அய்யம்பாளையத்துக்காரர். மலைக் காய்கறியைப் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு ராமநாதபுரம் பக்கம் போய் வருவார். அங்கே இப்போது எல்லாரும் ஃபைபர் படகுக்கு மாறிவிட்டார்களாம். பழைய மர வள்ளம் ஒன்று கரையில் சும்மா கிடக்கிறது என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். ஏரி வழியாகவே என்னை அக்கரைக்குக் கொண்டுபோய்விடலாம் என்று இவர் பிடித்துக்கொண்டார். காய்கறி இறக்கிவிட்டுத் திரும்புகிற வண்டியில், பாதி வெளியே நீட்டிக்கொண்டு, மலைப்பாதை வளைவுகளிலெல்லாம் பஸ்காரர்களிடம் வசவு வாங்கிக்கொண்டு ஒரு மீன்பிடி வள்ளம் எங்கள் மலைக்கு ஏறி வந்தது. முகப்பில் 'அந்தோணியார் துணை' என்று எழுதியிருந்தது. இவர் அதை அழிக்கவில்லை. அதற்குக் கீழே எங்கள் மலைச் சாமி பேரில் 'குழந்தை வேலப்பர் துணை' என்று எழுதிவைத்தார். பழக்கமில்லாத சாமியைப் பகைத்துக்கொள்ளக் கூடாதாம்.

வண்டியை விட்டு இறக்கும்போதே முருகவேல் அண்ணன் சொன்னார்: "மச்சான், வித்த ஆளு ஒண்ணு சொல்லிவிட்டாரு. ஓட்டலேன்னாலும் இதத் தண்ணியிலயே கெடக்க விடணுமாம். காய விடவே கூடாதாம்."

கூடியிருந்த அத்தனை பேரும் சிரித்தோம். நானும்தான். மரத்தை நனையப் போட்டு யாராவது காப்பாற்றுவார்களா? எங்கள் மலையில் ஈரம்தான் எமன். பூண்டு அழுகும், விதைக்கிழங்கு அழுகும், நிலைக்கதவு அழுகும். அதற்கெல்லாம் ஒரே மருந்து புகை. பூண்டைக் கத்தை கத்தையாகக் கொட்டகையில் தொங்கவிட்டு, அடியில் பச்சை விறகைப் போட்டு மூட்டம் போட்டால் அடுத்த விதைப்பு வரைக்கும் அசையாது. சீதனப் பெட்டியைக்கூடப் புகையில் வைத்து எடுக்கிற ஊர் இது.

"கடக்கரை ஆளுகளுக்கு நம்ம மலை ஈரம் எங்க தெரியும்?" என்றார் இவர். படகு எங்கள் பூண்டுக் கொட்டகைக்குள் போனது. கவிழ்த்துப் போட்டு, கல் முட்டுக் கொடுத்து, மழைக்காலம் முழுக்க அடியில் மூட்டம். ஆளாளுக்கு ஒரு சுமை விறகு கொண்டுவந்து கொடுத்தார்கள். அவ்வளவு நல்ல மனசு எங்கள் ஊருக்கு.

தை பிறந்து வெளியே எடுத்தபோது வள்ளம் கரிச்சட்டி நிறத்தில், பூண்டு வாசனையோடு இருந்தது. விரலால் தட்டினால் கணீரென்று கேட்டது. "பாத்தியா, எப்படிக் காஞ்சிருக்குன்னு!" என்று இவருக்கு ஒரே பூரிப்பு. பலகைகளுக்கு நடுவில் பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைத்திருந்தது காய்ந்து உதிர்ந்து, சந்து வழியாக வெளிச்சம் தெரிந்தது. அதற்கென்ன, ரோட்டு வேலையில் மிஞ்சின தாரை வாங்கிவந்து காய்ச்சி வெளிப்பக்கம் பூராவும் பூசிவிட்டார்.

பிறகு ஆரம்பித்தது அலங்காரம். பாய்மரம் நட்ட குழியில் கம்பம் நட்டுத் தகரக் கூரை போட்டார், எனக்கு வெயில் படக் கூடாதாம். வத்தலக்குண்டில் உடைத்துப் போட்ட பஸ்ஸின் சீட் ஒன்றை வாங்கிவந்து நடுவில் பொருத்தினார், என் கால் மடங்கக் கூடாதாம். அதற்கு ஒரு கார் பெல்ட். கரையில் நிற்கிற மாட்டை விரட்ட, அமுக்கினால் ஊளையிடுகிற பழைய லாரி ஹாரன். சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய காலிக் கேன், சுண்டி இழுத்தால் அவிழ்கிற முடிச்சில். "ஏதாச்சும் ஒண்ணுன்னா இதக் கட்டிப் பிடிச்சுக்க, மெதக்கும்" என்றார். கேன் ஒன்றுதான் இருந்தது. அவருக்கென்று ஒன்று கட்டவில்லை என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. கடைசியாக அந்த வேலி.

பக்கத்து வீட்டுப் பாண்டிச்செல்விக்கு நித்தமும் இதைப் பார்ப்பதுதான் சோலி. "குடுத்து வச்சவக்கா நீ. பொண்டாட்டிக்காகப் படகு கட்டுற புருசன் யாருக்கு வாய்க்கும்? என் வீட்டுல ஒரு முக்காலி செஞ்சு தரச் சொன்னாக் காது கேக்காது" என்பாள். நான் சிரித்து வைப்பேன். உள்ளே பற்றிக்கொண்டு எரியும். ஊரெல்லாம் அவரைப் புகழப் புகழ, பேரிக்காய் மரம் என் ஒருத்தியின் கண்ணில் மட்டும் வளர்ந்துகொண்டே போனது.

வெள்ளோட்டத்துக்கு முந்தின நாள் கம்பை ஊன்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன். பின்பக்கம், அவர் நின்று துடுப்புப் போடுகிற இடத்தில், ஒரு இரும்பு வளையம் புதிதாக அடித்திருந்தது. அதில் மூன்று முழத்துக்கு நைலான் கயிறு.

"இது எதுக்கு?"

"எங் கால்ல கட்டிக்க. தவறி விழுந்துரக் கூடாதுல்ல."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நீச்சல் தெரியாத ஆள் படகோடு காலைக் கட்டிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் கேட்டால் வாக்குவாதம் வரும், வாக்குவாதம் வந்தால் மரம் வரும். வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் வெள்ளனே பனி விலகியதும் ஊரே கரைக்கு வந்துவிட்டது. எங்கள் ஏரியில் படகு விடுகிற வழக்கமே கிடையாது, ஒரு தடவை விட்டுப் பார்க்கட்டும் என்று ஊர்க்கூட்டத்தில் சம்மதித்திருந்தார்கள். முருகவேல் அண்ணன் லாரி டியூப் ஒன்றில் காற்றடைத்துக் கொண்டுவந்திருந்தார். தன் ஊர்ப் பக்கத்து மருதாநதி அணையில் நீந்திப் பழகிய ஆள் அவர் ஒருத்தர்தான் அங்கே.

"ஆழம் தெரியாமக் கால விடுறீங்க மச்சான். மொதல்ல கரையோரமா ஒரு சுத்துச் சுத்திப் பாருங்க."

"அக்கரைக்குத்தான் மாப்ள. அவ காட்டப் பாக்கணும்."

சூடம் காட்டினார்கள். என்னை இரண்டு பேர் தூக்கிச் சீட்டில் உட்காரவைத்தார்கள். மடியில் கூடை, கூடைக்குள் பூண்டுத் தாள் அறுக்கிற சின்ன அரிவாள். காட்டைப் பார்க்கப் போகிறவள் வெறுங்கையோடா போவாள்? அவர் வேலிக் கதவைச் சாத்திக் கொண்டி போட்டுவிட்டு வந்து, "பெல்ட்ட மாட்டு" என்றார். நான் இழுத்து மடி மேல் விட்டு, நுனியைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துப் பிடித்துக்கொண்டேன்.

"மாட்டிட்டேன்."

மாட்டவில்லை. என்னைக் கட்டிப் போட்டுவிட்டு ஆபத்தில் இவர் எங்கே இருப்பார் என்று எனக்கென்ன நிச்சயம்? பின்னால் அவர் குனிந்து தன் காலில் கயிற்றைக் கட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

வள்ளம் நகர்ந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், அழகாக நகர்ந்தது. கரையிலிருந்து கைதட்டினார்கள். கொஞ்ச தூரம் போனதும் அக்கரையில் என் காடு தெரிந்தது. தட்டுத் தட்டாக, நுனி மஞ்சளித்த பூண்டுத் தாள் காற்றில் சாய்ந்து நிமிர்ந்தது. ஆள் வைத்து விதைத்த பூண்டு, என் கண் படாமலே விளைந்து நின்றது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு வருஷமாக நெஞ்சில் கட்டியிருந்த கோபம் அந்த நிமிஷம் கொஞ்சம் இளகியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

"தெரியுதா லீலா?"

"தெரியுது. மேல் தட்டு நல்லா வந்திருக்கு."

என் இடது காலுக்கு உணர்ச்சி பாதிதான். அதனால் தண்ணீர் ஏறியது எனக்கு முதலில் தெரியவில்லை. வலது பாதம் சில்லென்றதும் குனிந்து பார்த்தேன். கணுக்கால் வரை நின்றது. ஏதோ ஒரு இடத்தில் ஓட்டை என்றால் கையை வைத்து அடைக்கலாம். இது ஒவ்வொரு பலகைச் சந்திலிருந்தும், பூசிய தாரைப் பாளம் பாளமாகப் பெயர்த்துக்கொண்டு வந்தது. நாங்கள் மழைக்காலம் முழுக்க விறகு போட்டு, வியர்வை சிந்தி, அக்கறையாகக் காயவைத்த மரம். கடற்கரைக்காரர் சொல்லிவிட்டது எதற்காக என்று அப்போது எனக்கு விளங்கியது: பலகை ஊறிக் கிடந்தால்தான் சந்து மூடியிருக்கும். விளங்கி என்ன செய்ய?

"ஏங்க, தண்ணி!"

துடுப்பைப் போட்டுவிட்டுக் கையால் இறைத்தார். இறைக்க இறைக்க ஏறியது. பின்பக்கம் தாழ்ந்தது. கூரையும் சீட்டும் வேலியுமாக அந்த வள்ளத்தின் மேல் ஒரு வீட்டுப் பாரம் இருந்தது. கரையில் யாரோ அலறினார்கள். முருகவேல் அண்ணன் டியூபோடு ஏரிக்குள் குதிப்பது தெரிந்தது, ஆனால் வெகுதூரத்தில்.

"பெல்ட்டக் கழட்டு லீலா! கேன இழு! போயிரு!"

நான் கேனைச் சுண்டினேன். கையோடு வந்தது. அவர் எனக்காகப் போட்ட முடிச்சு அவ்வளவு சுளுவாக அவிழ்ந்தது. கேனை அணைத்துக்கொண்டு திரும்பினேன். இடுப்பளவு தண்ணீரில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

"நீங்களும் வாங்க! கயித்த அவுங்க, வெரசா!"

அவர் குனியக்கூட இல்லை. "அவுக்க முடியாது" என்றார். பிறகு, அந்த மனிதரின் வாயிலிருந்து ஒரு வருஷமாக வராதது வந்தது. "அவுக்க முடியக் கூடாதுன்னுதான் கட்டுனேன் லீலா. எங் கால நான் நம்பல."

ஓடிவிடுவார் என்று நினைத்து நான் பெல்ட்டை மாட்டாமல் வந்தேன். ஓடிவிடுவோம் என்று நினைத்து அவர் தன்னைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்த ஆளை நம்பாதவர்கள் அந்தப் படகில் இரண்டு பேர். அதில் அவருடைய அவநம்பிக்கைதான் பெரிது.

"போ லீலா! சொன்னாக் கேளு, போயிரு!"

கேனைப் பிடித்துக்கொண்டு கொண்டியைத் தட்டி வெளியே சரிந்திருந்தால் நான் மிதந்திருப்பேன். போகச் சொல்லிவிட்டார், போனால் யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். கூடையிலிருந்து அரிவாளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் தவழ்ந்தேன். வேலிக் கம்பியில் சேலை மாட்டிக் கிழிந்தது. வராத காலை இழுத்துக்கொண்டு போய், மூச்சைப் பிடித்துத் தண்ணீருக்குள் முகத்தை விட்டு அவர் காலைத் தடவினேன். கணுக்காலில் மூன்று சுற்று. மாட்டுக்குப் போடுகிற முடிச்சு, நனைந்தால் இறுகுகிற முடிச்சு. அதை விட்டுவிட்டு வளையத்துக்கும் காலுக்கும் நடுவில் அரிவாளைக் கொடுத்து இழுத்தேன். ஒரு இழுப்பு, மேலே வந்து மூச்சு. இன்னொரு இழுப்பு. அவர் என் தலையை வெளியே தள்ளிக்கொண்டே இருந்தார். அந்தக் கையைக் கடித்தேன் என்று பிற்பாடு சொன்னார், எனக்கு நினைவில்லை.

கயிறு அறுந்தபோது படகு எங்களுக்குக் கீழே போய்விட்டது. தகரக் கூரை மட்டும் பக்கத்தில் கவிழ்ந்து குமிழி விட்டது. ஒரு கேனில் இரண்டு பேர். அவர் கையை எடுத்து என் பக்கம் கேனைத் தள்ளுவார், நான் அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுப்பேன். முருகவேல் அண்ணன் டியூபோடு வந்து சேருகிறவரை இந்தச் சண்டைதான் நடந்தது.

கரையில் போட்டார்கள். கம்பளி போர்த்தினார்கள். இரண்டு பேரும் தண்ணீரைக் கக்கிவிட்டுக் கிடந்தோம். முருகவேல் அண்ணன் மூச்சு வாங்க வாங்கத் திட்டிக்கொண்டிருந்தார், "வேலியாம் வேலி! படகுக்கு வேலி!" என்று.

இவர் என் பக்கம் திரும்பி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "உன்னப் போகச் சொன்னேன்ல?" என்றார்.

"சொன்ன சொல்லைக் கேக்குற ஆளு நீங்க. நான் இல்ல" என்றேன்.

ஒரு வருஷமாக நாக்கின் நுனியில் வைத்திருந்த வார்த்தை. சொன்னால் நெஞ்சு ஆறும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை. அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும், ஏன் சொன்னோம் என்றிருந்தது. மாடு என்னை முட்டியது ஒரு தடவை. அந்த மாடு இவரைத் தினமும் முட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதைப் பார்க்காமல் நான் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அழுதார். சத்தமில்லாமல், தண்ணீர் சொட்டுகிற முகத்தோடு அழுததால் பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியவில்லை.

எழுந்து உட்கார்ந்து அவர் காலை என் மடியில் எடுத்து வைத்தேன். அறுந்த கயிறு கணுக்காலில் தொங்கியது. சதை வெட்டிச் சிவந்திருந்தது. நகத்தைக் கொடுத்துப் பார்த்தேன், முடிச்சு அசையவில்லை.

அதற்குள் பாண்டிச்செல்வி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. "இது என்னக்கா, அண்ணன் கால்ல கயிறு? யாரு கட்டுனது?"

சுற்றி நின்றவர்களெல்லாம் அவர் காலைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். பேரிக்காய் மரத்தில் இருந்தபோதுகூட அந்த முகத்தில் அவ்வளவு பயத்தை நான் பார்த்ததில்லை.

நான் கம்பளியை இழுத்து அந்தக் காலை மூடினேன்.

"தவறி விழுந்துரக் கூடாதுன்னு கட்டுனது. நான்தான் கட்டச் சொன்னேன்" என்றேன்.